காலடி கேட்காத தரை

"ரப்பர் வேணாம்னு சொல்லிட்டே இருக்கேன், நீங்க பாட்டுக்கு..."

"சிஸ்டர், நான் சொல்ல வர்றதைக் கொஞ்சம் காது கொடுத்து..."

"...பசையை வேற கலக்கச் சொல்லிட்டீங்க! டைல்ஸ் போடுங்க. வெள்ளை டைல்ஸ். எல்லா ஆஸ்பத்திரியிலும் டைல்ஸ்தான் இருக்கு."

"அதனாலதான் எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லாரும் தலையைத் தூக்கிப் பாக்கறாங்க! ஒருத்தர் உள்ள வந்தா டக்கு டக்குனு சத்தம், உடனே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் திரும்பறாங்க. அதைத்தானே நாம மாத்தணும்னு..."

"துடைக்கிறது யாரு? நீங்களா வந்து துடைப்பீங்க?"

"ரப்பரையும் துடைக்கலாம் சிஸ்டர்."

"நாத்தம் பிடிக்கும்."

"பிடிக்காது."

"வழுக்கி யாராவது விழுந்து வைப்பாங்க."

"டைல்ஸ்லதான் விழுவாங்க!"

இருவருக்கும் நடுவில் பசை வாளியோடு நின்றிருந்த மேஸ்திரி, வாளியைக் கீழே வைத்தார்.

"வீட்டுல மாமியார் மருமக சண்டை தாங்காமத்தான் லீவு நாள்லகூட வேலைக்கு வர்றேன். இங்கயும் அதே பாட்டுதானா? பசை காயறதுக்குள்ள யாராவது ஒருத்தர் ஜெயிங்கம்மா."

"நீங்க சும்மா இருங்க மேஸ்திரி!" என்று இருவரும் ஒரே குரலில் அதட்டினார்கள்.

அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். அதற்கு முந்தைய நாள்வரை இருவருக்கும் ஒரு சின்ன உரசல்கூட வந்ததில்லை. அதுதான், பிரிவைப் புதுப்பித்துக் கட்ட வந்திருந்த டிசைனர் பெண்ணுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒத்தாசையாக இருந்த மனுஷி, கேவலம் ஒரு தரைக்காகவா இப்படி வரிந்துகட்டிக்கொண்டு நிற்பார்?

ஆஸ்பத்திரியில் மற்ற பிரிவுகளுக்கெல்லாம் பெயர் உண்டு. பால்வினை நோய்ப் பிரிவை மட்டும் 'அந்த ரூம்' என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. அந்த ரூமுக்கு ஒரே வாசல். வாசலுக்கு மேலே, பஸ்ஸில் போகிறவர்கூடப் படித்துவிடக்கூடிய சிவப்பு எழுத்துப் பலகை. நுழைந்தவுடன் ஒரு டப்பா நிறைய பிளாஸ்டிக் டோக்கன்கள். அதற்கடுத்து சிஸ்டரின் மேஜை. எதிரும் புதிருமாக இரண்டு நீள பெஞ்சுகள். உட்கார்ந்தால் முழங்காலோடு முழங்கால் முட்டும். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைச் சுவருக்குத் திருப்பினால், அங்கே புண்களின் வண்ணப் படங்கள். ட்யூப் லைட் வெளிச்சத்தில் நல்ல திடகாத்திரமான ஆள்கூடப் பட்டினி கிடந்தவர் போலத் தெரிவார்.

டிசைனர் பெண் வந்த முதல் நாள், அளவெடுக்கும் டேப்பைப் பையிலேயே வைத்துவிட்டு, நோயாளியைப் போல ஒரு டோக்கனை எடுத்துக்கொண்டு அந்த பெஞ்சில் மதியம்வரை உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து, "சிஸ்டர், அங்க உட்கார்ந்தா எனக்கே ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி இருக்கு," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் சிஸ்டருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

சிவப்புப் பலகையைக் கழற்றலாம் என்றாள்; சிஸ்டர் சரி என்றார். வாசலைப் பக்கத்திலிருக்கும் பல் பிரிவோடு சேர்த்துவிட்டால் யார் எதற்கு வருகிறார்கள் என்று வெளியே தெரியாது என்றாள். பேஷாகச் செய்யலாம் என்றார். முதுகு உயர்ந்த ஒற்றை நாற்காலிகள், எல்லாம் ஒரே பக்கமாக, மங்கலான கண்ணாடி ஜன்னலைப் பார்த்து. பரிசோதனை அறையில் கட்டிலின் கால்மாடு கதவைப் பார்க்காமல் திருப்புவது, கழற்றிய துணியை மாட்ட ஒரு கொக்கி, கைக்கெட்டும் இடத்தில் ஒரு கண்ணாடி. "அழுதுட்டு வெளிய போறவங்க முகத்தைச் சரி பண்ணிக்க வேணாமா?" என்றாள். சிஸ்டர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சிஸ்டர் தன் பங்குக்குக் கேட்டது ஒன்றே ஒன்று.

"என் மேஜையை வழியிலேருந்து எடுத்துடுங்க. வர்றவங்களை நான் பாக்கக் கூடாது. என்னை அவங்களும் பாக்கக் கூடாது."

"என்ன சிஸ்டர் இது! உள்ள வந்ததும் ஒரு சிரிச்ச முகம் வேணாமா?"

"வேற யாராவது சிரிக்கட்டும். எனக்கு ஒரு சுவர் வேணும்."

அந்தப் பெண் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சிஸ்டர் மசியவில்லை. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சுவரில் ஒரு மாத்திரைப் பெட்டி. அதற்கு இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. ஒன்று திறந்திருக்கும்போது மற்றது திறக்காது. டாக்டர் எழுதும் சீட்டு, பெயர் இல்லாமல் வெறும் நம்பரோடு சிஸ்டரிடம் வரும். சிஸ்டர் மாத்திரைகளைப் பெட்டியில் வைத்துக் கதவைச் சாத்தினால் மேலே ஒரு சின்ன விளக்கு எரியும். அந்தப் பக்கம் நிற்பவர் எடுத்துக்கொண்டு தன் கதவைச் சாத்தினால் அணைந்துவிடும். கையைக்கூடப் பார்க்க முடியாது.

சுவரை மட்டும் கூரைவரை எழுப்ப அவள் ஒப்பவில்லை. "ஜெயில் மாதிரி ஆயிடும் சிஸ்டர். மேல ஒரு சாண் விடறேன், வெளிச்சமும் காத்தும் வரட்டும்." அதற்கு சிஸ்டர் உடனே தலையாட்டினார். அந்த வேகம் அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

இப்போது, பசை காய்ந்துகொண்டிருக்கும்போது, உறைத்தது.

"யாரையும் பாக்கவே மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. இப்ப நடக்கிற சத்தம் மட்டும் கேக்கணும்ங்கறீங்களா?"

சிஸ்டர் தன் பையைத் திறந்தார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு புதுச் சுவருக்குப் பின்னால் போய், பூச்சுக்கூடக் காயாத அந்த மூலையில் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண்ணும் பின்னாலேயே வந்து, ஒரு சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், வெறும் சிமெண்ட் தரையில் யாரோ நடந்தார்கள்.

"மேஸ்திரி," என்றார் சிஸ்டர், நிமிர்ந்து பார்க்காமலேயே. "ஒரு செருப்போட வார் அறுந்திருக்கு. இழுத்து இழுத்து நடக்கிறார்."

அந்தப் பெண் எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். அப்படித்தான் இருந்தது.

"இது டீக்காரம்மா. இடுப்புல கனம் இருக்கு, அதான் ஒரு பக்கமா சாயறாங்க."

அதுவும் சரியாக இருந்தது.

"யாரோட காலடிக்காகக் காத்துட்டிருக்கீங்க சிஸ்டர்?"

சிஸ்டர் டிபன் பாக்ஸைத் திறந்தார். அப்படியே மூடினார்.

"என் பையன்."

போன வருஷம் நடந்தது அது. அன்று சிஸ்டருக்கு விடுப்பு நாள். கூட வேலை பார்க்கும் பெண்ணின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று, கடைசி நேரத்தில் அவளுக்குப் பதிலாக வந்து உட்கார்ந்திருந்தார். பெஞ்சு இரண்டும் நிறைந்திருந்தன. வாசலில் மகன் வந்து நின்றான். வளர்ந்த பிள்ளை, வேலைக்குப் போகிறவன், அம்மா வேலை பார்க்கும் இடத்துக்கு ஒருநாளும் எட்டிப் பார்க்காதவன். பெற்றவளுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

"என்னடா கண்ணா! என்னைத் தேடிட்டு வந்தியா? காலையில சாப்பிடாமக்கூடக் கிளம்பிட்டியே, ஏதாவது சாப்பிட்டியா?"

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

"வீட்டுச் சாவி வாங்கிட்டுப் போக வந்தேன்மா," என்றான்.

கொடுத்தார். மேஜைமேல் கையை ஊன்றி வாங்கிக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் டோக்கன்களை எண்ணி டப்பாவில் போடும்போது ஒன்று குறைந்தது. தேடினார். அது அவருடைய மேஜைமேல், சாவி இருந்த இடத்தில் கிடந்தது. அவன் பைக் சாவியோடு எப்போதும் ஒரு வீட்டுச் சாவி தொங்கும் என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அந்த மாதமே அவன் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கப்போகிறேன் என்று கிளம்பிவிட்டான்.

"அதுக்கப்புறம் கேக்கலையா நீங்க?" என்றாள் டிசைனர் பெண்.

"கேக்காம இருப்பேனா? ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மாங்கறான். போன மாசம் என் தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். சட்டை தொளதொளன்னு தொங்குது. வாய் ஓரத்துல புண்ணு. எத்தனை வருஷமா இந்த முகங்களையே பாத்துட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"வேற ஊர்ல எங்கயாவது..."

"போகலை. போயிருந்தா இப்படி இருக்க மாட்டான். மாத்திரைக்கு அடங்கற விஷயம்மா இதெல்லாம். அடக்காம விட்டாத்தான் ஆளையே தின்னுடும்."

"நீங்களே வேற பிரிவுக்கு மாறிடலாமே சிஸ்டர்?"

"ரெண்டு தடவை கேட்டேன். 'அந்த ரூம்'ல வந்து உட்கார யாரும் தயாரா இல்லையாம். நான் எழுந்தா சாத்திட வேண்டியதுதான்னாங்க. சாத்திட்டா அவன் எங்க போவான்?" சிஸ்டர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். கையில் ஈரம் ஒட்டியது. "யார் யார் பெத்த பிள்ளைங்களுக்கோ தைரியம் சொல்லியிருக்கேன். தோளைத் தட்டி, இது ஒண்ணுமே இல்லடா ராஜான்னு. அவங்க எல்லாரும் என்னை சிஸ்டராப் பாத்தாங்க. இவனுக்கு நான் அம்மாவாத்தானே தெரியறேன்."

"அதான் சுவரா?"

"அதான் சுவர். அவன் வரட்டும், வாங்கிட்டுப் போகட்டும். நான் பாக்கலை. ஆனா வந்தானான்னு தெரிஞ்சுக்க வேணாமா? சின்னதுல சைக்கிள்லேருந்து விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டான். அதுலேருந்து இடது குதிகால் அழுத்தி விழும், வலது கால் கொஞ்சம் தேய்ச்சுக்கிட்டுப் பின்னால வரும். டக், சர்ர். டக், சர்ர். ஆயிரம் பேர் நடந்தாலும் எனக்குத் தெரியும். அது போதும்மா எனக்கு. வேற எதுவும் கேக்கலை. ஒரு தடவை அந்தச் சத்தம் கேட்டாப் போதும்."

டிசைனர் பெண் கையிலிருந்த ரப்பர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"உங்களுக்கு அவரோட நடை தெரியும்னு அவருக்குத் தெரியுமா சிஸ்டர்?"

சிஸ்டர் வாயைத் திறந்தார். தெருமுனையில் அவன் திரும்பும்போதே சமையலறையிலிருந்து "வந்துட்டியா?" என்று குரல் கொடுப்பதும், "உன்னை ஏமாத்திட்டு ஒரு நாளாவது வீட்டுக்குள்ள நுழைய முடியுதாம்மா!" என்று அவன் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றுவதும் கண்ணில் வந்து நின்றன.

"நேரமாச்சு," என்று எழுந்துவிட்டார். "உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி இருக்கு. டைல்ஸ்னா டைல்ஸ்."

பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி மகனுக்குப் போன் போட்டார். நல்லவேளையாக எடுத்தான்.

"எங்க பிரிவை இடிச்சுக் கட்டறாங்கடா."

"ம்."

"பல் டாக்டர் பக்கம் இருக்குல்ல, அது வழியா வாசல். போர்டு எல்லாம் கிடையாது. நான் ஒரு மூலையில, சுவருக்குப் பின்னாடி. யார் வந்தா, யார் போனா, எனக்கு ஒண்ணும் தெரியாது. பேருகூட வராது, நம்பர்தான்."

"எதுக்கும்மா எனக்கு இதையெல்லாம் சொல்ற?"

"சும்மாதான். பேச வேற என்ன இருக்கு? சாப்பிட்டியா?"

"ம்."

வழக்கமாக அந்த 'ம்'மோடு வைத்துவிடுவான். அன்று வைக்கவில்லை. அவன் மூச்சு விடுவது கேட்டது. சிஸ்டர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். ஒரு நிறுத்தம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று.

"அம்மா."

"சொல்லுடா."

"சுவருக்குப் பின்னாடின்னா... சத்தம்கூடவா கேக்காது?"

பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. பக்கத்தில் நின்ற பெண் சிஸ்டரின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கேக்காதுடா," என்றார் சிஸ்டர். "ஒரு சத்தமும் கேக்காது. அப்படித்தான் கட்டறாங்க."

அந்த நேரத்துக்கு அது பொய். மறுநாள் காலை, கதவைத் திறக்க வந்த காவலாளிக்கு முன்பே போய் வாசலில் நின்றிருந்தார் சிஸ்டர். மேஸ்திரியின் தலை தெரிந்ததும் சொன்னார்.

"ரப்பரே போட்டுடுங்க."

மேஸ்திரி வாளியைச் சாய்த்துக் காட்டினார். நேற்றைய பசை கல்லாகியிருந்தது. "ஒரு வாளிப் பசையை அநியாயமாக் கொன்னுட்டு இப்ப ரப்பர்ங்கறீங்க. இதை நேத்தே சொல்லியிருந்தா என்னவாம்?"

"நேத்து எனக்குப் புத்தி இல்லை. இன்னைக்குத்தான் வந்தது. போதுமா?"

டிசைனர் பெண்ணும் வந்து சேர்ந்தாள். சிஸ்டரின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, அண்ணாந்து சுவரின் உச்சியைப் பார்த்தாள்.

"அந்த ஒரு சாண் இடைவெளியையும் அடைச்சிடலாமா சிஸ்டர்?"

"வேணாம். அது இருக்கட்டும்." சிஸ்டர் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டார். "கேக்கிறதுக்கு இல்லை. எனக்குப் பேசறதுக்கு ஒரு வழி வேணும்."

ரப்பர் தரை போட்டு முடித்தார்கள். ஈரமண் நிறம், தொட்டால் பள்ளிக்கூடத்து அழிப்பான் போல இருந்தது. வேலையாட்கள் கிளம்பும் நேரத்தில் சிஸ்டர் மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"எனக்காக ஒரு நடை நடந்து காட்டுங்க. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிவரைக்கும். இடது காலை அழுத்தி வைக்கணும். வலது காலைக் கொஞ்சம் தேய்ச்சு இழுக்கணும்."

"பொண்ணு பாக்க வந்த மாதிரி நடந்து காட்டச் சொல்றீங்களே, அதுவும் நொண்டி நடை! கல்யாணச் சந்தையிலேருந்து நான் வெளிய வந்து ரொம்ப நாளாச்சு."

"நடங்களேன்."

சிஸ்டர் சுவருக்குப் பின்னால் போய், தன் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். காத்திருந்தார். எங்கோ தண்ணீர்க் குழாய் சொட்டுவது கேட்டது. பல் பிரிவில் ஒரு குழந்தை வீறிட்டு அடங்கியது.

"ஆரம்பிங்க மேஸ்திரி," என்று குரல் கொடுத்தார்.

"முடிச்சிட்டேன்மா. போயிட்டுத் திரும்பியும் வந்துட்டேன்."

மேஸ்திரியின் குரல் சுவருக்கு மிகப் பக்கத்திலிருந்து வந்தது. சிஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை.

"நல்லா இருக்கு," என்றார். "நல்லா வேலை பண்ணியிருக்கீங்க."

டிசைனர் பெண் சுவரின் முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அருகில் வந்து தோளைத் தொடலாமா என்று ஒரு அடி எடுத்தாள். அவள் எடுத்த அந்த அடியும் சிஸ்டருக்குக் கேட்கவில்லை. அவள் வந்த மாதிரியே திரும்பிப் போய்விட்டாள்.

புதுப் பிரிவு திறந்தாயிற்று. யாரும் இப்போது அதை 'அந்த ரூம்' என்பதில்லை; சேர்ந்தாற்போல் 'பல் பக்கம்' என்கிறார்கள். முன்பு வாசல்வரை வந்து திரும்பிப் போனவர்கள் எல்லாம் உள்ளே வருகிறார்கள் என்று டாக்டரம்மாவுக்கு ஏக சந்தோஷம். நம்பர்ச் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. சிஸ்டர் சீட்டைப் பார்க்கிறார், மாத்திரைகளைக் கட்டுகிறார், பெட்டியில் வைத்துச் சாத்துகிறார், விளக்கு எரிகிறது, அணைகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க மனிதர்கள் நடக்கிறார்கள். ஒரு பூனை நடக்கிற அளவுக்குக்கூடச் சத்தமில்லை.

ஆரம்பத்தில் டாக்டரம்மாவின் முகத்தைப் படித்துப் பார்த்தார். மதியம் கை கழுவ வரும்போது அவர் தன்னைக் கொஞ்சம் கனிவாகப் பார்க்கிறாரோ, அல்லது பார்வையைத் திருப்பிக்கொள்கிறாரோ என்று. ஒருநாள் வாய்வரை வந்துவிட்டது.

"டாக்டரம்மா, இளவயசுப் பையன் ஒருத்தன், காலைக் கொஞ்சம்..."

"சிஸ்டர்," என்றார் டாக்டரம்மா. குரலில் கோபம் இல்லை. "இதையே வேற யாராவது வந்து என்கிட்ட கேட்டா, நீங்க என்னைச் சொல்ல விடுவீங்களா?"

"விட மாட்டேன்."

"அப்புறம்?"

அதற்கப்புறம் சிஸ்டர் கேட்கவில்லை. மகனும் போனில் அதே 'ம்'தான். ஒரு தடவை குரலில் தெம்பு இருந்த மாதிரி தோன்றியது. அடுத்த தடவை இருமினான். கல்யாண வீடு ஒன்றுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்துவிட்டான்.

கைநீளப் பொட்டலமாக, நாள் தவறாமல் சாப்பிட வேண்டிய மாத்திரைகள் எழுதிய சீட்டு வரும்போதெல்லாம் சிஸ்டரின் விரல்கள் நின்று நின்று வேலை செய்யும். அவனாக இருக்கலாம். அவனாக இல்லாமல், வேறொரு அம்மாவின் மகனாக இருக்கலாம். இரண்டில் எது என்று தெரியாததால் எல்லாப் பொட்டலத்தையும் ஒரே மாதிரி, அவனுக்குக் கட்டுவது போலவே கட்டினார். முனைகளை மடித்து, மேலே வேளையைப் பெரிய எழுத்தில் எழுதி, அவசரத்தில் பிரித்தாலும் சிந்தாதபடி.

அன்று மதியம் அப்படி ஒரு சீட்டு வந்தது. கட்டி, பெட்டியில் வைத்து, கதவைச் சாத்தினார். விளக்கு எரிந்தது. வழக்கமாக மூச்சு இழுத்து விடுவதற்குள் அணைந்துவிடும். அன்று அணையவில்லை. இந்தப் பக்கத்துக் கதவை இழுத்துப் பார்த்தார், திறக்கவில்லை; அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது திறந்தபடியே இருந்தது. யாரோ மாத்திரைகளைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அல்லது எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

சிஸ்டர் எழுந்தார். நாற்காலி நகர்ந்தது, இந்தப் பக்கமும் ரப்பர்தான், சத்தம் வரவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்தார். பூச்சு எப்போதோ காய்ந்து, சில்லென்று இருந்தது. தலைக்கு மேலே அந்த ஒரு சாண் இடைவெளி வழியாக ஜன்னல் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து, யாருக்கு வேண்டுமானாலும் சொல்லக்கூடிய சிஸ்டரின் குரலில், சொன்னார்.

"மாத்திரையை வெறும் வயித்துல போடக் கூடாது. காலையில என்ன அவசரமா இருந்தாலும், ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க."